பூனை அலர்ஜி ஊசியை ஆஸ்துமாக்காரங்க பக்கம் நின்னு எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு ரங்கூன்ல இருந்து வணக்கம்.

உங்க பேப்பரை நாங்க இங்க போன்லதான் படிக்கிறோம், கரண்டும் நெட்டும் ஒண்ணா இருக்குற நேரம் பாத்து சேர்த்து வச்சு படிக்கிறது வழக்கமாயிருச்சு. அப்படிப் படிச்சப்பதான் பூனை அலர்ஜிக்கு மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி வரப்போகுதுன்னு நீங்க போட்டிருந்த நியூஸ் கண்ணுல பட்டுச்சு. கழுத்துல ரிப்பன் கட்டின வெள்ளைப் பூனை படம், மேல "பூனைப் பிரியர்களுக்கு குட் நியூஸ்"னு தலைப்பு, ஒரே ஊசில தும்மல் காலின்னு நாலு வரி, கடைசில அதுவரைக்கும் பூனையை வீட்டை விட்டு தள்ளி வைக்கிறதே நல்லதுன்னு ஒரு அட்வைஸ், அவ்வளவுதான். படிச்சிட்டு எனக்கு ரொம்ப வருத்தமா போச்சு. இவ்வளவு பெரிய விஷயத்தை செல்லப்பிராணி பக்கத்துல, அதுவும் ஓரத்துல போட்டுட்டீங்களேன்னு.

ஏன் இப்படி சொல்றேன்னா, நாங்க பயின்னவுங் மார்க்கெட்ல பருப்பு யாவாரம் பண்றோம், எங்க மாமனார் காலத்துல இருந்து. உளுந்து, பாசிப்பயறு, துவரை எல்லாம் மேல் பர்மா பக்கத்துல இருந்தும் பேகு பக்கத்துல இருந்தும் லாரில வந்து இறங்கும், சலிச்சு சுத்தம் பண்ணி திரும்ப மூட்டை பிடிச்சு துறைமுகத்துக்கு அனுப்புவோம், அதுல பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் வருது, உங்க வீட்டு இட்லில எங்க கோடவுன் உளுந்து இருந்தாலும் இருக்கும். பருப்பு இருக்குற இடத்துல எலி இருக்கும், எலி இருக்குற இடத்துல பூனை இருந்தே ஆகணும், விஷம் வைக்க முடியாது ஏன்னா சரக்கு மனுஷன் திங்கிறது. அதனால எங்க வரிசையில இருக்குற எந்த கோடவுனுக்கு போனாலும் பூனை இருக்கும். எங்ககிட்ட ஒரு சாம்பக்கலர் தாய்ப்பூனை இருக்கு, துவரை மூட்டை அடுக்குக்கு மேல தகரக் கூரைக்கு கீழ போய் படுத்துக்கிட்டு முன்னங்காலை நக்கி நக்கி மூஞ்சியை துடைச்சுக்கிட்டே இருக்கும். அந்த மூட்டையை இறக்கி சாக்கை உதறினா கதவு வழியா வர்ற வெயில்ல பொடிப்பொடியா பறக்குறது கண்ணுக்கே தெரியும். பருப்புத் தூசியும் இருக்கும், அது மேல பூனையோட முடியும் காஞ்சுபோன எச்சிலும் இருக்கும்.

எங்ககிட்ட கணக்கு எழுதுற தம்பி தாட்டோன் பக்கத்துப் பையன், நல்ல படிப்பு, தமிழும் பர்மியும் மணி மணியா எழுதுவான். அந்த சாக்கை உதறுன கொஞ்ச நேரத்துல அவனுக்கு கண்ணு இமை வீங்கும், தொண்டை அரிக்கும், அப்புறம் நெஞ்சுக்குள்ள கீச்சு கீச்சுனு சத்தம் வரும். ரெண்டு கையையும் மேசை மேல ஊனி தோளை தூக்கிக்கிட்டு உக்காந்துக்குவான். "அக்கா, எடைச்சீட்டு..."ன்னு ஆரம்பிச்சு பாதில நிறுத்தி மூச்சு இழுத்துட்டுதான் "...அந்த பையில"ன்னு முடிப்பான். இந்தப் பையன் பூனைப் பிரியர் இல்லீங்க. ஒரு பூனையைக்கூட தூக்கிக் கொஞ்சினது கிடையாது. பூனையை தள்ளி வைங்கன்னு எழுதிட்டீங்க, எங்க தள்ளி வைக்கிறது? பூனை போனா சரக்கு போச்சு, அவன் போனா அவன் சம்பளம் போச்சு, ஊர்ல ரெண்டு தங்கச்சி அந்த காசுலதான் படிக்குதுங்க.

இன்னொன்னு, பூனையை வெளிய விட்டாலும் உடனே எதுவும் மாறிடாது. அலர்ஜி குடுக்குறது முடின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது பூனையோட எச்சில்லயும் தோல்ல இருக்குற எண்ணெய் சுரப்பிலயும் ஊறுற ஒரு புரோட்டீன், அதுக்கு ஃபெல் டி 1னு பேரு. பூனை தன்னை நக்கும்போது முடி பூரா பூசிக்குது, காஞ்சு உதிர்ந்து ரொம்ப சின்ன துகளா காத்துல ரொம்ப நேரம் மிதக்குது, சுவத்துல ஒட்டும், துணில ஒட்டும், பூனையே இல்லாத வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சட்டையில ஏறிப் போகும். பூனையை எடுத்த வீடுகள்ல அளந்து பாத்தப்போ, பூனையே இல்லாத வீட்டு அளவுக்கு அது இறங்குறதுக்கு 20ல இருந்து 24 வாரம் ஆகுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. சாக்கு மேல சாக்கு அடுக்கியிருக்குற கோடவுன்ல கேக்கவே வேணாம்.

சரி ஊசி விஷயத்துக்கு வர்றேன். நீங்க நாலு வரில முடிச்சதை கொஞ்சம் விரிவா எழுதுறேன், நீங்க இதை போட்டா படிக்கிறவங்களுக்கு உதவும். எங்க தம்பிக்காக ஒரு வருஷமா தேடித்தேடி படிச்சதும், எங்க சொந்தக்கார டாக்டர் பொண்ணு உக்காந்து சொல்லிக் குடுத்ததும்தான் இது.

ஆன்டிபாடின்னா வெளியில இருந்து வர்றதை பிடிக்க உடம்பே செய்யிற புரோட்டீன். அலர்ஜிக்காரங்க உடம்புல ஐஜிஇன்னு ஒரு ஆன்டிபாடி இருக்கும், அது மாஸ்ட் செல்னு சொல்ற செல்லு மேல உக்காந்து காத்திருக்கும். மூக்குக்குள்ள நுழையிற பூனை புரோட்டீன் பக்கத்துப் பக்கத்துல இருக்குற ரெண்டு ஐஜிஇயை ஒரே நேரத்துல பிடிச்சு இணைச்சதுன்னா அந்த செல்லு வெடிச்ச மாதிரி ஹிஸ்டமைன் எல்லாத்தையும் கொட்டும், சில நிமிஷத்துல தும்மல், நீர், வீக்கம், மூச்சுக்குழாய் சுருக்கம். பழைய வைத்தியம் ஒண்ணு இருக்கு, 1911ல லண்டன்ல லெனர்ட் நூன்ங்குறவர் ஆரம்பிச்சது, எது அலர்ஜியோ அதையே துளித்துளியா ஊசில ஏத்தி உடம்பை பழக்குறது. அதுக்கு மூணு வருஷம், சில பேருக்கு அஞ்சு வருஷம்கூட ஆகும். அப்படி பழகினவங்க ரத்தத்தை பாத்தப்போ ஐஜிஜி4ன்னு வேற ஒரு வகை ஆன்டிபாடி நிறைய ஊறியிருக்கு, அது பூனை புரோட்டீனை வழியிலயே பிடிச்சு மூடிடுது, ஐஜிஇகிட்ட போக விடுறதில்ல. அப்போ அந்த நல்ல ஆன்டிபாடியை வெளியில தயார் பண்ணி நேரா ஊசில குடுத்தா மூணு வருஷம் காத்திருக்க வேணாமேன்னு யோசிச்சாங்க பாருங்க, அதுதான் இந்த மருந்து.

அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல இருக்குற ரீஜெனரான் கம்பெனிதான் செஞ்சது. ரெண்டு ஆன்டிபாடி சேர்த்தது, ஒண்ணு அந்த புரோட்டீனோட ஒரு இடத்தை பிடிக்கும், இன்னொன்னு வேற இடத்தை பிடிக்கும், ஒண்ணு மட்டும்னா மீதி இருக்குற இடம் வழியா ஐஜிஇ பிடிச்சுக்கும், அதான் ரெண்டு. முள்ளு மேல துணி சுத்தி வச்ச மாதிரி, உள்ள முள்ளு இருக்கு ஆனா குத்தாது. மோனோகுளோனல்னு சொல்றது, ஒரே செல்லோட வம்சத்துல இருந்து எடுத்த, ஒரே இலக்கை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடி. அந்த வித்தையை 1975ல கோலரும் மில்ஸ்டீனும் கேம்பிரிட்ஜ்ல கண்டுபிடிச்சாங்க, 1984ல நோபல் பரிசு வாங்கினாங்க. மார்பு கேன்சருக்கு போடுற ட்ராஸ்டுசுமாப் கூட இந்த வகைதான், அதனால இது என்னமோ வேத்துகிரக மருந்துன்னு யாரும் பயப்பட வேணாம்.

2018ல முதல் ரிசல்ட் வந்துச்சு. பூனை அலர்ஜி இருக்குறவங்களுக்கு ஒரே ஒரு தடவை ஊசி போட்டு, எட்டாவது நாள் மூக்குல பூனை புரோட்டீனை தெளிச்சு பாத்தாங்க, மூக்கு தொல்லை சராசரியா 60 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. நீங்க எழுதின "தும்மல் காலி" இதுல இருந்து வந்ததுதான்னு நினைக்கிறேன், ஆனா 60 சதவீதம் குறையுறதும் காலி ஆகுறதும் ஒண்ணு இல்லையே, அதுலயும் மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவங்களுக்கும் ஓரளவு குறைஞ்சுதான் இருந்துச்சு. அதையும் சேர்த்து சொன்னாதான் வாசகருக்கு நியாயம்.

எனக்கு இதைவிட பெருசா பட்டது 2022ல வெளிவந்த பிரான்ஸ் ரிசல்ட், அதை உங்க நியூஸ்ல தொடவே இல்ல. ஸ்ட்ராஸ்பூர்க்ல ஒரு அறை கட்டி வச்சிருக்காங்க, அதுக்குள்ள காத்துல பூனை புரோட்டீனை அளந்து விட்டு ஆளை உக்கார வச்சு, ஊத வச்சு மூச்சு அளவு எவ்வளவு குறையுதுன்னு பாப்பாங்க. பூனையால ஆஸ்துமா வர்ற 56 பேரை எடுத்தாங்க, பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் ஊசி. மருந்துக்கு முன்னாடி ஏறக்குறைய ஒரு மணி நேரத்துல மூச்சு 20 சதவீதம் இறங்கிடுச்சு, மருந்து போட்டதுக்கு அப்புறம் அவங்கள்ல பாதிக்கு மேல 4 மணி நேரம் முழுசா தாங்கினாங்க. அந்த பலன் ஒரே ஊசில ஏறக்குறைய மூணு மாசம் நின்னுச்சு. இதை படிச்ச அன்னைக்கு எங்க தம்பி அந்த 4 மணி நேரத்தை ரெண்டு தடவை படிக்கச் சொல்லி கேட்டான். சாக்கு உதறுற வேலை மதியத்துக்குள்ள முடிஞ்சிடும், அவனுக்கு 4 மணி நேரம் போதும்.

இதுக்குத்தான் சொல்றேன், இந்த ஊசியோட உண்மையான கதை மூச்சுல இருக்கு. தும்மல் வந்தா மாத்திரை போட்டுக்கலாம், மூச்சுக்குழாய் மூடினா ஆளே போயிருவான். எத்தனை பேர் பூனை இருக்குற இடத்துல வேலை செஞ்சு பொழைக்கிறாங்கன்னு பாருங்க, தானியக் கோடவுன், மில்லு, மீன் மார்க்கெட், ஓட்டல் அடுப்படி, கால்நடை ஆஸ்பத்திரி. எங்க நாட்டுல புங்கிமார், அதாவது புத்த பிக்குகள், மடங்கள்ல பூனைக்கு குறைவே கிடையாது, இன்லே ஏரில ங பே மடத்துல ஒரு காலத்துல பூனையை வளையத்துல தாண்ட வச்சு காட்டுவாங்க, பல ஊர்ல இருந்தும் ஜனங்க போய் பாத்துட்டு வருவாங்க. அங்க படிக்கிற சின்னப் பசங்களுக்கு அலர்ஜி இருந்தா அதுங்க எங்க போகும்?

பூனை இனத்தை மாத்தினா சரியாகும்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. பர்மீஸ்னு உலகம் பூரா விக்கிற பூனை இனம் எங்க மண்ணுல இருந்து போனதுதான், 1930ல டாக்டர் ஜோசப் தாம்சன்ங்குறவர் வாங் மாவ்ங்குற ஒரு பழுப்பு பொட்டைப் பூனையை சான் பிரான்சிஸ்கோவுக்கு கொண்டு போனார், அமெரிக்காவுல அந்த இனம் அதுல இருந்துதான் ஆரம்பிச்சுது. முடி குட்டையா பளபளன்னு இருக்குறதால அலர்ஜி வராதுன்னு சொல்லி விக்கிறாங்க, புரோட்டீன் எச்சில்ல இருக்கும்போது முடி நீளம் என்ன பண்ணும். எந்த இனமும் முழுசா அலர்ஜி இல்லாத இனம் கிடையாது. காயடிக்காத கடுவன் பூனைக்கு அந்த புரோட்டீன் அதிகம், காயடிச்சா குறையும், அதை நாங்க செஞ்சோம், கொஞ்சம் வித்தியாசம் தெரியுது.

இப்போ எங்க பக்கத்து கஷ்டத்தையும் சொல்லிடுறேன். இந்த வகை ஊசி எல்லாத்தையும் 2ல இருந்து 8 டிகிரி குளிர்ல வச்சே ஆகணும், உறைஞ்சாலும் வீண், சூடானாலும் வீண். ரங்கூன்ல 2021க்கு அப்புறம் கரண்ட் ஏரியா பிரிச்சு முறை வச்சுதான் விடுறாங்க, எந்த மணிக்கு வரும் எந்த மணிக்கு போகும்னு பாத்துதான் மோட்டார் போடுறோம், சோறு வடிக்கிறோம். ஜெனரேட்டருக்கு டீசல் போட்டு ஃபிரிட்ஜ் ஓட்டுற மருந்துக்கடைல ஊசி விலையோட டீசல் விலையும் சேரும். எங்க நாட்டுக் காசு கியாட் மதிப்பு விழுந்ததுல இருந்து வெளிநாட்டு மருந்து எல்லாம் ஏறிப்போச்சு, டாலர் கிடைக்காம சில மருந்து வர்றதே நின்னு நின்னு வருது. ஒமாலிசுமாப்னு ஐஜிஇயையே பிடிக்கிற ஊசி ஒண்ணு 2003ல இருந்து அமெரிக்காவுல ஆஸ்துமாவுக்கு இருக்கு, இருபது வருஷம் தாண்டியும் அது எங்க மாதிரி ஆளுங்க கைக்கு எட்டல. டெசெபெலுமாப்னு இன்னொரு ஊசியை பழைய அலர்ஜி ஊசியோட சேர்த்து ஒரு வருஷம் குடுத்து, 2023ல ரிசல்ட் சொன்னாங்க, 121 பேர் அதுல, நிறுத்தி ஒரு வருஷம் ஆனதுக்கப்புறமும் சேர்த்துப் போட்டவங்களுக்கு மூக்கு தொல்லையோட உச்சம் கம்மியா இருந்துச்சாம். நல்ல விஷயம், ஏன்னா ரீஜெனரான் ஊசி உடம்பை பழக்குறது இல்ல, கரைஞ்சு போனா திரும்ப போடணும், வாழ்க்கை பூரா மூணு மாசத்துக்கு ஒரு தடவை போட எவன்கிட்ட காசு இருக்கு. பழக்கி விட்டுட்டு போற வைத்தியம்னா ஏழை நாட்டுக்கு அதுதான் பொருந்தும். விலையைப் பத்தியும் குளிரைப் பத்தியும் யாரும் பேசாம மருந்து மட்டும் வந்துருச்சுன்னு எழுதுனா எங்களுக்கு அது வயித்தெரிச்சலாதான் இருக்கு.

அந்த ஊசி வர்ற வரைக்கும் என்ன பண்றதுன்னு நீங்க எழுதியிருந்தா எவ்வளவு பிரயோஜனமா இருந்திருக்கும். இங்க தும்மல்னா முதல்ல பர்மீட்டன் மாத்திரை, எல்லா வீட்டுலயும் இருக்கும், போட்டா தூக்கம் வரும், தும்மல் அடங்கும், ஆனா நெஞ்சு அடைப்பை அது திறக்காது. அதுக்கு மேல போனா மருந்துக்கடைல பொட்டலம் கட்டித் தருவாங்க, நாலஞ்சு கலர் மாத்திரை, பேர் இருக்காது. எங்க தம்பிக்கும் ஒரு கடைல அப்படித்தான் குடுத்தாங்க, ரெண்டு வேளைல மூச்சு திறந்துக்கிச்சு, அவனும் மாசக்கணக்கா வாங்கிப் போட்டிருக்கான், மூஞ்சி உருண்டையா ஊதினதுக்கப்புறம்தான் எங்களுக்கு சந்தேகம் வந்துச்சு. டாக்டர் பொண்ணு பாத்துட்டு இதுல ஸ்டீராய்டு மாத்திரை இருக்குன்னு சொல்லி, அதையும் டக்குனு நிறுத்தக்கூடாதுன்னு கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு விட்டா. அதே வகை ஸ்டீராய்டை ரொம்ப சின்ன அளவுல நேரா மூச்சுக்குழாய்க்கே அனுப்புற இன்ஹேலர் இருக்கு, அதை தினமும் இழுத்தா உடம்புக்கு அந்த கெடுதல் ரொம்ப கம்மி. நம்ம ஆளுங்க இன்ஹேலர்னா அடிமை ஆயிருவோம், கல்யாணம் ஆகாதுன்னு ஒளிச்சு வைக்கிறாங்க. பொட்டலத்தை தைரியமா முழுங்குறாங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், நீலக்கலர் பம்ப், சால்புட்டமால், அதை மட்டும் வச்சு ஆஸ்துமாவை ஓட்டக்கூடாதுன்னு உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019லயே மாத்தி எழுதிட்டாங்க, ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் கூட இருக்கணும்னு. ஏன்னா நீலம் சுருங்கின குழாயை அப்போதைக்கு விரிக்கும், உள்ள இருக்குற வீக்கத்தை தொடாது. இது தமிழ்ல படிக்கிற எத்தனை பேருக்கு தெரியும்? மோல்மேன்ல, பேகுல, ஜியாவடில தோட்டத்துப் பக்கம் இருக்குற நம்ம ஜனங்களுக்கு பர்மி மருந்துச்சீட்டு படிக்கத் தெரியும், ஆனா இந்த வித்தியாசத்தை யாரும் உக்காந்து சொன்னதில்ல.

அதுக்கும் முன்னாடி அது பூனைதானான்னு தெரியணும். மழைக்காலத்துல மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் இங்க சுவரெல்லாம் பூஞ்சை, சாக்குல பூச்சி, தூசிப் பூச்சி, எல்லாமே இதே தும்மல் இதே இழுப்புதான் குடுக்கும். கைத்தோல்ல துளித்துளியா வச்சு கீறிப் பாக்குற டெஸ்ட் இருக்கு, பதினஞ்சு இருபது நிமிஷத்துல எந்த இடம் தடிக்குதோ அதை வச்சு சொல்லிடுவாங்க. அதை பண்ணாம பாவம் பூனையை கோணில கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வர்றவங்களை நான் பாத்திருக்கேன், வீட்டுல இழுப்பு நின்ன பாடில்ல. எங்க தம்பிக்கு பூனையும் தூசிப் பூச்சியும் ரெண்டுமே தடிச்சுது. அப்போ நாளைக்கே இந்த ஊசி இலவசமா கிடைச்சாலும் அவனுக்கு பாதி பிரச்சனைதான் தீரும், ஏன்னா ஊசி பூனை புரோட்டீனை மட்டும்தான் பிடிக்கும். இதையும் உங்க நியூஸ் சொல்லல.

நாங்க இப்போ செஞ்சிருக்குறது சின்னச் சின்ன காரியம். கணக்கு மேசையை காத்து வர்ற பக்கம் மாத்தியாச்சு, சாக்கு உதறுற வேலை பின்வாசல்ல, தரையை துடைப்பத்தால கூட்டாம ஈரத்துணியால துடைக்கிறோம், பூனைக்கு தனியா ரெண்டு பழைய கோணி விரிச்சு விட்டிருக்கு, அதை வாராவாரம் துவைக்கிறோம். அவன் காலையிலயும் ராத்திரியும் இன்ஹேலர் இழுத்துட்டு வாயை கொப்புளிக்கிறான். இழுப்பு குறைஞ்சிருக்கு, நிக்கல.

உங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். ஊசியைப் பத்தி திரும்ப ஒரு கட்டுரை போடுங்க, உடம்பு நலம் பக்கத்துல போடுங்க, ஒரு நெஞ்சு டாக்டர்கிட்ட பேசிட்டு எழுதுங்க. சோதனை எந்த கட்டத்துல நிக்குது, ஏற்கனவே ஆஸ்துமா முத்தினவங்களுக்கு போட்டுப் பாத்தாங்களா, சின்னப் பிள்ளைங்களுக்கு எப்போ, நாள் பூரா பூனை இருக்குற இடத்துலயே இருக்குறவங்களுக்கு அந்த 4 மணி நேர கணக்கு நிக்குமா, இதெல்லாம் கேளுங்க. இந்தியாவுல பயோசிமிலர்னு இந்த வகை மருந்தை விலை குறைச்சு செய்யிற கம்பெனிங்க நிறைய இருக்கு, ட்ராஸ்டுசுமாப்பை அப்படி 2013ல இருந்தே செய்யிறாங்க. எங்களுக்கு நிறைய மருந்து வர்றதே உங்க பக்கத்துல இருந்துதான். அலர்ஜிக்கான ஆன்டிபாடி ஊசிகளுக்கும் அந்த மாதிரி விலையில செய்ய யோசனை இருக்கான்னு அவங்ககிட்ட உங்க நிருபர் ஒரு போன் போட்டு கேட்டா அதுவே எங்களுக்கு பெரிய நியூஸ். படம் போடுறதா இருந்தா ஒரு இன்ஹேலரை எப்படி பிடிச்சு எப்படி இழுக்கணும்னு வரிசையா நாலு படம் போடுங்க, அதை பிரிண்ட் எடுத்து மார்க்கெட்ல எங்க வரிசை பூரா ஒட்ட நான் பொறுப்பு.

இப்படிக்கு,
பருப்பு கோடவுன் வாசகி,
ரங்கூன்